மூளைக் கட்டியின் வீரியம்: எந்த ஸ்கேன் எதைச் சொல்லும்?

வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிளியோமா பற்றியவை. மூளையின் தாங்கு செல்களிலிருந்து உருவாகும் இந்தக் கட்டிகளை உலக சுகாதார நிறுவனம் கிரேடு 1 முதல் 4 வரை தரம் பிரிக்கிறது. நரம்புக் கதிரியல், அணு மருத்துவம் ஆகிய துறைகளின் மருத்துவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள். கடிதம் எழுதியவர்களின் ஊர் மட்டும் தரப்பட்டுள்ளது.

என் தம்பிக்கு 34 வயது. திடீரென்று வலிப்பு வந்ததால் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். இடது முன்மூளையில் கட்டி இருக்கிறது, மருந்து ஊசி போட்ட பிறகும் ஒளிரவில்லை, எனவே வீரியம் குறைந்ததாக இருக்கலாம் என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. ஆனால் நியூரோ சர்ஜன் பெர்ஃபியூஷன், ஸ்பெக்ட்ரோஸ்கோபி என்று மறுபடியும் எடுக்கச் சொல்கிறார். கட்டிதான் தெரிந்துவிட்டதே, இன்னொரு முறை எதற்கு? – வாசகி, தஞ்சாவூர்

கட்டி இருப்பது தெரிந்துவிட்டது. எப்படிப்பட்ட கட்டி என்பது இன்னும் தெரியவில்லை. ‘ஒளிரவில்லை’ என்ற ஒரு வரியை நம்பி வீரியம் குறைவு என்று முடிவு கட்ட முடியாது.

ஊசியில் போட்ட காடோலினியம் மருந்து நல்ல மூளைத் திசுவுக்குள் போகாது. ரத்தக்குழாய்ச் சுவரின் தடுப்பு எங்கே பழுதாகியிருக்கிறதோ அங்கே மட்டும் கசிந்து வெள்ளையாகத் தெரியும். ஆக, அந்தப் படம் காட்டுவது கசிவைத்தான். குழந்தைகளுக்கு அதிகம் வரும் பைலோசைட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா வெறும் கிரேடு 1. ஆனாலும் பளிச்சென்று ஒளிரும். மாறாக, ஒளிராத கிளியோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று திசுப் பரிசோதனையில் வீரியம் மிக்கதாக வந்த ஆய்வுகள் உண்டு.

சர்ஜன் கேட்கும் கூடுதல் படங்கள் வேறு விஷயங்களைப் பார்க்கின்றன. கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை வளர்த்துக்கொண்டதா என்று பெர்ஃபியூஷன் பார்க்கும். செல்கள் எவ்வளவு நெருக்கமாக அடைந்திருக்கின்றன என்பதை டிஃப்யூஷன் சொல்லும்: செல்கள் நெருங்க நெருங்க, இடையில் இருக்கும் நீர் அசைய இடமில்லாமல் ஏ.டி.சி. என்ற அளவு குறையும். ஸ்பெக்ட்ரோஸ்கோபி அந்த இடத்தின் வேதிப்பொருள்களை அளக்கும்.

34 வயது, முன்மூளை, வலிப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ள கட்டி என்ற எண்ணம்தான் முதலில் வரும். அதில் இரண்டு வகை. ஒன்று ஆஸ்ட்ரோசைட்டோமா, மற்றது ஆலிகோடெண்ட்ரோகிளியோமா. இரண்டாவதில் ஒரு வில்லங்கம்: கிரேடு 2 நிலையிலேயே அதற்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் அடர்த்தியாகப் பின்னிக் கிடக்கும். பெர்ஃபியூஷனை மட்டும் பார்த்தால் கிரேடு 4 என்று பயமுறுத்திவிடும். அப்போது கைகொடுப்பது சாதாரண சி.டி. ஸ்கேன். கட்டிக்குள் சுண்ணாம்புப் படிவு தெரிந்தால், ‘இந்த ரத்த ஓட்டம் வீரியத்தால் வந்ததல்ல, இந்த வகைக் கட்டியின் இயல்பு’ என்று படிக்கத் தோன்றும். ஆஸ்ட்ரோசைட்டோமாவுக்கு வேறொரு அடையாளம் உண்டு. எம்.ஆர்.ஐ.யின் டி2 என்ற படத்தில் கட்டி முழுக்க ஒரே சீராக வெள்ளையாக இருக்கும். அதே இடம் ஃப்ளேர் என்ற இன்னொரு எம்.ஆர்.ஐ. படத்தில் நடுவே கறுத்து, விளிம்பு மட்டும் வெள்ளையாக நிற்கும். மிஸ்மேட்ச் என்று ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். பெரியவர்களிடம் இது முழுமையாகத் தெரிந்தால் ஐ.டி.எச். மாற்றமுள்ள ஆஸ்ட்ரோசைட்டோமா என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். தெரியாவிட்டால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வர முடியாது, ஏனென்றால் அந்தக் கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த அடையாளமே இருப்பதில்லை.

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2021இல் வந்த புதிய வகைப்பாட்டின்படி, ஐ.டி.எச். மாற்றம் இல்லாத பரவும் ஆஸ்ட்ரோசைட்டிக் கட்டி பெரியவர்களுக்கு வந்தால், மைக்ராஸ்கோப்பில் சாதுவாகத் தெரிந்தாலும், குறிப்பிட்ட மூன்று மரபணு மாற்றங்களில் ஒன்று இருந்தாலே அது கிளியோபிளாஸ்டோமா, கிரேடு 4. ஒளிராத கட்டிகளுக்குள் இப்படிப்பட்டவையும் ஒளிந்திருக்கும். எனவே தயங்காமல் எடுங்கள்.

நான்கு விதமான ஸ்கேன் எடுத்தால் துல்லியம் நான்கு மடங்கு கூடுமா? – இயற்பியல் ஆசிரியர், கோயம்புத்தூர்

கூடாது. சில சமயம் கொஞ்சம்கூட ஏறாது.

2003இல் வெளியான, இன்றும் எடுத்துக்காட்டப்படும் ஓர் ஆய்வைப் பாருங்கள். மொத்தம் 160 கிளியோமா நோயாளிகள். 120 பேருக்கு வீரியம் மிக்கது, 40 பேருக்குக் குறைந்தது. சாதாரண எம்.ஆர்.ஐ. வீரியம் மிக்கவற்றில் 72.5 சதவீதத்தைப் பிடித்தது; குறைந்தவற்றில் 65 சதவீதத்தைச் சரியாகச் சொன்னது. பெர்ஃபியூஷனில் கட்டியின் ரத்த அளவு நல்ல வெள்ளைத் திசுவைவிட 1.75 மடங்கைத் தாண்டினால் வீரியம் என்று வைத்தபோது, பிடிப்பது 95 சதவீதமாக ஏறியது. ஆனால் சாதுவானவற்றை அடையாளம் காண்பது 57.5ஆக இறங்கியது. அதாவது 40 பேரில் 17 பேருக்குத் தவறான எச்சரிக்கை. இதோடு ஸ்பெக்ட்ரோஸ்கோபியையும் சேர்த்தார்கள்: 93.3, 60. பெரிய மாற்றம் எதுவும் இல்லை.

இதற்கு நேர்மாறாக, 2005இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில், எம்.ஆர்.ஐ.யோடு எஃப்.இ.டி. என்ற அமினோ அமில பெட் ஸ்கேனைச் சேர்த்து, படத்தில் குறித்த இடங்களிலிருந்தே திசு எடுத்துச் சரிபார்த்தார்கள். ‘இந்த இடத்தில் கட்டி இருக்கிறதா’ என்ற கேள்விக்கு எம்.ஆர்.ஐ. மட்டும் 96 சதவீதம் பிடித்தது, ஆனால் கட்டி இல்லாத இடத்தை இல்லை என்று சொன்னது 53 சதவீதம்தான். இரண்டும் சேர்ந்ததும் 93, 94.

இரண்டு ஆய்வுகளின் கேள்விகளும் வேறு; இரண்டாவதில் ஆட்கள் குறைவு. ஆகவே எண்களை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. ஆனால் பாடம் தெளிவு. ஏற்கெனவே தெரிந்ததையே வேறு விதமாகச் சொல்லும் அளவைச் சேர்ப்பதில் லாபமில்லை. முதல் ஸ்கேன் எங்கே தடுமாறுகிறதோ அங்கே தடுமாறாத ஒன்றைச் சேர்த்தால்தான் பயன். எங்களைக் கேட்டால், ஸ்கேன்கள் ஒத்துப்போகும் இடத்தைவிட, முரண்படும் இடத்தைத்தான் நின்று பார்க்க வேண்டும். ஒளிராத பகுதியில் ரத்த அளவு ஏறி, ஏ.டி.சி. இறங்கியிருக்கிறது என்றால் அங்கேதான் விஷயம் இருக்கிறது.

நான் எம்.ஆர்.ஐ. டெக்னாலஜிஸ்ட். எங்கள் சென்டரில் பெர்ஃபியூஷன் எடுத்தால் பாதிக்குப் பாதி ‘தரம் போதவில்லை’ என்று திரும்புகிறது. எங்கே கோளாறு? – சேலம்

பெரும்பாலும் ஊசியில். புறங்கையில் 22 கேஜ் ஊசி குத்தி, கையால் மருந்தைத் தள்ளினால் அது மூளைக்கு வந்து சேர்வதற்குள் இழுபட்டுவிடும். மருந்து கடக்கும்போது சிக்னல் இறங்கி ஏறுவதைக் காட்டும் வளைவு கூர்மையாக இறங்காமல் அகலமாகத் தொய்ந்து கிடக்கும். முழங்கை மடிப்பில், முடிந்தால் வலது கையில், 18 அல்லது 20 கேஜ் போடுங்கள். பவர் இன்ஜெக்டரில் விநாடிக்கு 4 முதல் 5 மி.லி. வேகம். மருந்தின் அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு 0.5 மோலார் மருந்தென்றால் 12 மி.லி., 1 மோலார் கேடோபியூட்ரால் என்றால் 6 மி.லி. அதன் பின்னாலேயே அதே வேகத்தில் 20 மி.லி.க்குக் குறையாமல் சலைன். மருந்துக் குப்பியில் என்ன அடர்த்தி என்று பாராமல் ‘எல்லோருக்கும் 10 மி.லி.’ என்று போடும் பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகத் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். 30க்குக் கீழே இருந்தால் கதிரியல் மருத்துவரிடம் கேட்காமல் ஊசி போட வேண்டாம்.

அடுத்தது நேரம். ஸ்கேன் ஓட ஆரம்பித்து 20 முதல் 30 விநாடி கழித்துத்தான் மருந்து போக வேண்டும். அந்த முதல் படங்கள்தான் அடிக்கோடு. அடிக்கோடு இல்லாமல் எதிலிருந்து இறங்கியது என்று கணக்கிட முடியாது. டி.ஆர். 1 முதல் 1.5 விநாடி, டி.இ. 3 டெஸ்லாவில் 30 மில்லி விநாடி அளவில், மொத்தம் குறைந்தது 120 விநாடி.

பிறகு கசிவு. வீரியம் மிக்க கட்டியில் மருந்து ரத்தக்குழாயை விட்டு வெளியே வந்துவிடுவதால், மருந்து போன பிறகு வளைவு அடிக்கோட்டுக்குத் திரும்பாது. அடிக்கோட்டைத் தாண்டி மேலே ஏறினால் டி1 விளைவு. ரத்த அளவு குறைத்துக் காட்டப்படும், கிரேடு 4 கட்டி சாதுவாகத் தெரியும். அடிக்கோட்டுக்குக் கீழேயே தங்கிவிட்டால் டி2 நட்சத்திர விளைவு. அளவு கூட்டிக் காட்டப்படும். இதைத் தவிர்க்க இரண்டு வழிகள். முன்கூட்டியே ஒரு டோஸ் மருந்து கொடுத்துத் திசுவை நிரப்பிவிட்டு, இரண்டாவது டோஸில் 60 டிகிரி ஃபிளிப் ஆங்கிளில் எடுப்பது ஒன்று. 3 டெஸ்லா மெஷின் இருந்தால் ஒரே டோஸ், 30 டிகிரி என்பது மற்றொன்று; மருந்து மிச்சம். எதைச் செய்தாலும் மென்பொருளில் கசிவுத் திருத்தத்தை ஆன் செய்திருக்கிறதா என்று பாருங்கள். பல இடங்களில் அது ஆஃப் ஆகவே கிடக்கிறது.

வண்ணப் படத்தைத் திறக்கும் முன் கச்சா வளைவைத் திறந்து பார்க்கும் வழக்கம் வேண்டும். பழைய ரத்தக் கசிவு, உலோகக் கிளிப், சைனஸ் காற்றுக்குப் பக்கத்தில் இருக்கும் நெற்றிப்பொட்டு அடிப்பகுதி ஆகிய இடங்களில் சிக்னலே இருக்காது. வண்ணப் படம் அதையும் நீலமாக்கி ‘ரத்த ஓட்டம் குறைவு’ என்று காட்டும். அது குறைவல்ல, அங்கே அளக்கவே முடியவில்லை.

கடைசியாக, ரத்த அளவை அளக்கப் படத்தின்மேல் வட்டம் போடுவது. கட்டியின் சூடான பகுதியில் சின்னச் சின்னதாகப் பல வட்டங்கள் போட்டு உச்ச அளவை எடுங்கள். கான்ட்ராஸ்ட் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வட்டத்துக்குள் சிரை எதுவும் விழவில்லை என்று உறுதி செய்யுங்கள். ஒரு புறணிச் சிரை விழுந்தாலே விகிதம் எகிறிவிடும். ஒப்பிடுவது எதிர்ப்பக்க வெள்ளைத் திசுவோடு. சாம்பல் திசுவோடு ஒப்பிட்டால் அதன் ரத்த அளவு இயல்பாகவே இரண்டு மடங்குக்கு மேல் இருப்பதால், 4 என்று வர வேண்டிய விகிதம் 2க்கும் கீழே வந்து நிற்கும். 1.75 என்ற எல்லையும் அந்த ஆய்வின் முறைக்கு உரியது. உங்கள் மெஷினுக்கு, உங்கள் மென்பொருளுக்கு அதை அப்படியே பொருத்தாதீர்கள்.

வரிசையையும் கவனியுங்கள். டிஃப்யூஷன், எஸ்.டபிள்யூ.ஐ., ஸ்பெக்ட்ரோஸ்கோபி, ஊசியில்லாப் பெர்ஃபியூஷனான ஏ.எஸ்.எல். எல்லாம் மருந்துக்கு முன்னால். முழுத் தலைக்கும் 1 மி.மீ. தடிமனில் 3டி டி1 ஒன்று எடுங்கள். மற்ற எல்லாப் படங்களும் அதன்மேல்தான் பொருத்தப்படும், 5 மி.மீ. தடிமன் படங்களை வைத்துப் பொருத்தினால் ஓரங்கள் நழுவும்.

அம்மாவின் ஸ்பெக்ட்ரோஸ்கோபி ரிப்போர்ட்டில் ‘கோலின் அதிகம், என்.ஏ.ஏ. குறைவு’ என்று இருக்கிறது. புற்றுநோய்தானா? – வாசகர், மதுரை

அந்த வரியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கோலின் என்பது ஸ்பெக்ட்ரோஸ்கோபி வரைபடத்தில் 3.2 என்ற இடத்தில் வரும் சிகரம். செல் சவ்வுகள் வேகமாக உருவாகி அழியும் இடத்தில் உயரும். என்.ஏ.ஏ. 2.0இல் வரும், நல்ல நரம்பு செல்கள் குறைந்தால் தாழும். கட்டியில் இரண்டும் நடக்கும். ஆனால் கட்டி மாதிரி தோன்றும் மயலின் சிதைவு நோயிலும் இதே கோலம் வரலாம்.

நம் நாட்டில் மறக்கவே கூடாதது டியூபர்குலோமா, அதாவது மூளைக் காசநோய்க் கட்டி. அதிலும் கோலின் உயரக்கூடும். ஆனால் 0.9 முதல் 1.3 வரை கொழுப்பின் சிகரம் தூக்கலாக நிற்கும். வீரியக் கட்டியின் அழுகிய நடுப்பகுதியிலும் கொழுப்பு வரும் என்பதால் அதுவும் தனியே போதாது. கூடவே டி2 படத்தில் நடுப்பகுதி கறுப்பாக இருக்கிறதா, பெர்ஃபியூஷனில் ரத்த அளவு குறைவா, மார்பு சி.டி.யில் ஏதாவது தெரிகிறதா என்று சேர்த்துப் பார்த்தால் படம் தெளியும்.

அளந்த பெட்டி எங்கே வைக்கப்பட்டது என்பதையும் கேளுங்கள். வழக்கமாக ஒரு பக்கம் 2 செ.மீ. இருக்கும் கனசதுரம் அது. மண்டைத்தோல் கொழுப்பைத் தொட்டிருந்தால் பொய்யான கொழுப்புச் சிகரம் வரும். பாதி நீரறைக்குள் விழுந்திருந்தால் எல்லாமே தாழும். பெட்டி காட்டாத ஸ்பெக்ட்ரம் ரிப்போர்ட்டை நாங்கள் பாதி ரிப்போர்ட்டாகத்தான் எடுத்துக்கொள்வோம்.

‘மூளையில் பெட் ஸ்கேன் எடுத்தோம், எதுவும் பளிச்சிடவில்லை’ என்றார்கள். நிம்மதியாக இருக்கலாமா? – வாசகி, யாழ்ப்பாணம்

எந்த மருந்தில் எடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. வழக்கமான பெட் ஸ்கேன் எஃப்.டி.ஜி. என்ற சர்க்கரை மருந்தில் எடுப்பது. உடம்பின் மற்ற இடங்களில் அது அருமையான சோதனை. மூளையோ எந்நேரமும் சர்க்கரையை எரித்துக்கொண்டிருக்கும் உறுப்பு. நல்ல சாம்பல் திசுவே பிரகாசிக்கும்போது கட்டி அதில் கலந்து மறைந்துவிடும்.

அமினோ அமில மருந்துகளை நல்ல மூளை அவ்வளவாக எடுத்துக்கொள்ளாது. கட்டி எடுத்துக்கொள்ளும், ஒளிராத கட்டியும்கூட. கார்பன்-11 மெத்தியோனின், எஃப்.இ.டி., எஃப்-டோபா ஆகியவை இந்த வகை. மெத்தியோனினின் அரை ஆயுள் 20 நிமிடம் என்பதால், சைக்ளோட்ரான் இருக்கும் வளாகத்திலேயே எடுத்தாக வேண்டும். எஃப்.இ.டி.யில் இருப்பது ஃப்ளூரின்-18, அரை ஆயுள் 110 நிமிடம். வேறு ஊருக்கு அனுப்பலாம். எஃப்.இ.டி.க்கு 4 மணி நேரம் வெறும் வயிறு அவசியம், ஏனென்றால் சாப்பாட்டுப் புரதத்தின் அமினோ அமிலம் அதே வழியில் போட்டிக்கு வரும்.

எஃப்.இ.டி.யில் 40 நிமிடத்துக்குத் தொடர்ந்து எடுத்தால் வீரியம் பற்றியும் குறிப்பு கிடைக்கும். மருந்து கட்டிக்குள் மெல்ல ஏறிக்கொண்டே போனால் பெரும்பாலும் சாது. முதல் 20 நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்கினால் வீரியம். இதிலும் ஆலிகோடெண்ட்ரோகிளியோமா குழப்பும். கிரேடு 2 ஆக இருந்தும் நிறைய எடுத்துக்கொள்ளும். வீரியம் குறைந்த கிளியோமாக்களில் சுமார் 30 சதவீதம் எஃப்.இ.டி.யை எடுப்பதே இல்லை. ஆகவே அங்கும் ‘தெரியவில்லை’ என்றால் ‘இல்லை’ என்று பொருளாகாது.

அப்பாவுக்குக் கிளியோபிளாஸ்டோமா. ஆபரேஷன், 30 முறை கதிர்வீச்சு, டெமோசோலமைடு மாத்திரை எல்லாம் முடிந்து ஐந்தாவது வாரம் எடுத்த எம்.ஆர்.ஐ.யில் ஒளிரும் பகுதி பெரிதாகிவிட்டதாம். ஆனால் அவர் நன்றாக நடமாடுகிறார். மருந்தை மாற்ற வேண்டுமா? – வாசகர், திருச்சி

அவசரப்பட்டு மாற்றக் கூடாத காலம் இது. கதிர்வீச்சு முடிந்த முதல் 12 வாரங்களுக்குள், சிகிச்சையால் ஏற்படும் வீக்கமும் கசிவும் கட்டி வளர்ந்ததைப் போலவே ஒளிரும். போலி வளர்ச்சி என்பார்கள். சர்வதேச நிபுணர் குழு 2010இல் வகுத்த ரானோ விதிகளே, இந்த 12 வாரத்துக்குள் கதிர்வீச்சுப் பகுதிக்கு வெளியே புதிதாக ஒளிர்ந்தாலோ, திசுப் பரிசோதனையில் உறுதியானாலோ ஒழிய வளர்ச்சி என்று முடிவு செய்ய வேண்டாம் என்கின்றன. கட்டியின் எம்.ஜி.எம்.டி. மரபணுவில் மெத்திலேஷன் என்ற வேதி மாற்றம் உள்ளவர்களுக்குப் போலி வளர்ச்சி கூடுதலாக வரும். அப்பாவின் நோயியல் ரிப்போர்ட்டில் அது இருக்கும், பாருங்கள்.

பெர்ஃபியூஷனில் அந்தப் பகுதியின் ரத்த அளவு குறைவு, ஏ.டி.சி. அதிகம், அமினோ அமில பெட்டில் லேசான ஏற்றம் மட்டும் என்றால் போலி வளர்ச்சியின் பக்கம் சாயும். மூன்றும் எதிர்த்திசையில் இருந்தால் கட்டி. நடுவில் நின்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் அதே மெஷினில் மறுபடி எடுப்பதுதான் நல்லது. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டின் டோஸை இடையில் கூட்டினால் ஒளிர்வே சுருங்கும், குறைத்தால் விரியும். எனவே ஸ்கேன் நாளன்று எத்தனை மி.கி. எடுத்தார் என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள். பெவசிசுமாப் ஊசி போட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். அது கசிவை மட்டும் அடைத்து, உள்ளே கட்டி வளர்ந்துகொண்டிருந்தாலும் படத்தைச் சுத்தமாகக் காட்டக்கூடியது. ஒளிராத ஃப்ளேர் பகுதியை அப்போது கூர்ந்து பார்க்க வேண்டும்.

இத்தனை ஸ்கேன் இருக்கும்போது பயாப்ஸி எதற்கு? ஊசி பட்டால் கட்டி பரவிவிடும் என்கிறார்களே? – வாசகர், நாகர்கோவில்

மூளைக் கிளியோமாவில் ஊசி வழியே பரவுவது மிக மிக அரிது. ரத்தக் கசிவு ஏற்படலாம். அதைத்தான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே கட்டிக்குள் ஒரு மூலை கிரேடு 2, மறு மூலை கிரேடு 4 ஆக இருக்கலாம். குறைந்த இடத்தில் குத்தினால் குறைந்த கிரேடுதான் வரும், சிகிச்சையும் குறைந்துவிடும். ரத்த அளவு உச்சம், ஏ.டி.சி. தாழ்வு, பெட்டில் சூடான புள்ளி ஆகியவை ஒன்றின்மேல் ஒன்று விழும் இடத்தை, அறுவையின்போது வழிகாட்டும் நியூரோ நேவிகேஷன் கருவியில் ஏற்றி, முதலில் அங்கே திசு எடுக்கிறார்கள். திறந்த ஆபரேஷனில், மூளை உறையைத் திறந்து நீர் வடிந்ததும் மூளை இடம் நகர்ந்துவிடும். அதனால் குறி வைத்த திசுவைக் கட்டியை அகற்றத் தொடங்கும் முன்பே எடுத்துவிட வேண்டும். லிம்ஃபோமா (நிணநீர்ச் செல் புற்று) என்ற சந்தேகம் இருந்தால், ஆபத்தான வீக்கம் இல்லாதபட்சத்தில், பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு கொடுக்கக் கூடாது. கட்டி கரைந்துபோய் திசுவில் விடை கிடைக்காமல் போகும்.

செயற்கை நுண்ணறிவு படத்தைப் பார்த்தே மரபணுவைச் சொல்லிவிடுமாமே? – கல்லூரி மாணவர், சென்னை

கட்டியின் எல்லையை வரைந்து கன அளவு தருவதில் அது தேறிவிட்டது. மரபணு வேறு கதை. 2021இல் நடந்த சர்வதேசப் போட்டியில் நான்கு வகை எம்.ஆர்.ஐ. படங்களைக் கொடுத்து எம்.ஜி.எம்.டி. நிலையைக் கணிக்கச் சொன்னார்கள். முதலிடம் பெற்ற நிரலின் மதிப்பு 0.62; எல்லாம் சரியாக இருந்தால் 1. நாணயம் சுண்டிச் சொன்னால் 0.5.

வேறு ஊரில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறோம். ஃபிலிம் போதுமா? – வாசகி, வேலூர்

போதாது. டைகாம் வடிவில் முழுப் பதிவையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ வாங்குங்கள். பெர்ஃபியூஷனின் வண்ணப் படம் மட்டுமன்றி கச்சாப் படங்களும் அதில் இருக்க வேண்டும் என்று சொல்லி வாங்குங்கள், பல இடங்களில் அவற்றைச் சில வாரங்களில் அழித்துவிடுவார்கள். பழைய ஸ்கேன்கள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வையுங்கள். ஆபரேஷன் ஆகியிருந்தால் 48 மணி நேரத்துக்குள் எடுத்த எம்.ஆர்.ஐ.யை விட்டுவிடாதீர்கள். அறுவை ஓரத்தில் ரத்த ஓட்டம் குறைந்து செத்த திசு அதில் டிஃப்யூஷனில் தெரியும். அதே ஓரம் சில வாரம் கழித்து ஒளிரும்போது, மீண்டும் வந்த கட்டி என்று யாரும் தவறாகப் படிக்காமல் இருக்க அந்த ஒரு படம்தான் ஆதாரம். எடுத்த திசுவை மெழுகில் பதித்து வைத்திருக்கும் பாரஃபின் பிளாக்கையும் லேபில் கேட்டு வாங்குங்கள், மரபணுச் சோதனை விட்டுப்போயிருந்தால் அதிலிருந்தே செய்யலாம்.